ஏழு சகோதரரும் இரண்டு ஏக்கர் கரிசலும்

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய காகிதம் அது. பத்திர எழுத்தருக்குப் பழகிய கை. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. உயிர்த்தெழுதலின் நாளில் தன் புருஷனோடு சேருவேன் என்கிற விசுவாசத்தினாலே ஆயுசு பரியந்தம் வேறு விவாகம் செய்துகொள்வதில்லை என்றும், அப்படிச் செய்துகொண்டால் மேற்படி புஞ்சையில் தனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது என்றும் சம்மதித்து, ஓர் இளம்பெண் கையெழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு சாட்சிகள். வக்கீல் தொழிலில் விடுதலைப் பத்திரங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பணத்தைப் பிரதிபலனாகக் காட்டுவார்கள், பாசத்தைக் காட்டுவார்கள். மரித்தோரின் உயிர்த்தெழுதலைக் காட்டிய பத்திரம் என் கைக்கு வந்தது அது ஒன்றுதான்.

1990களின் நடுப்பகுதி. தூத்துக்குடி மாவட்டத்துக்கு வ.உ.சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் இருந்த காலம். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். பன்னிரண்டு ஏக்கர் மானாவாரிக் கரிசல். உளுந்து, பாசி, மல்லி, மழை ஏமாற்றாத வருஷத்தில் பருத்தி. தகப்பனார் காலமாகிவிட்டார். தாயாரும் இரண்டு ஆண் மக்களும் ஒரே கூட்டுப் பட்டாவில் இருந்தார்கள். மூத்தவர் மஞ்சள் காமாலையில் இறந்தபோது, அவர் மனைவியான அந்த இளம்பெண்ணுக்கு இருபத்தைந்து வயது. பிள்ளை இல்லை. தீப்பெட்டி ஆபீசில் சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இந்தக் கரிசல் காட்டுக்குக் கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. காமநாயக்கன்பட்டியின் பரலோக மாதா கோயில் மதுரை மிஷன் சேசு சபைக் குருக்களின் காலத்தது. வீரமாமுனிவர் பணியாற்றிய இடம். சீர்திருத்த சபை பின்னால் வந்தது. ராக்லாந்து என்ற மிஷனரி 1854 முதல் வட திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் பிரசங்கித்து, 1858இல் சிவகாசியில் இறந்துபோனார். பிறகு என் கட்சிக்காரியான அந்தப் பெண்ணின் குடும்பம் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தது. வேதம் வாசிக்கத் தெரிந்த, வசனத்துக்குப் பயப்படுகிற வீடு. அந்தப் பயத்தின் மேல்தான் அந்தக் காகிதமும் எழுதப்பட்டது.

கணவர் இறந்த சில நாளில் மாமியார், கல்யாணமாகாத இளைய மகனிடம் கேட்டிருக்கிறார்: "மதினியை நீயே கட்டிக்கிடேன், நிலமும் பிரியாது, அந்தப் பிள்ளையும் தெருவுல நிக்காது." அவர் முடியாது என்றார். நாகர்கோவில் பக்கம் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருத்தியைக் கட்டு என்று யாரையும் நிர்ப்பந்திக்க முடியாது. ஆனால் பதினாறாம் நாள் அவர் முத்திரைத்தாளோடு வந்தார். மதினியை உட்கார வைத்து, அண்ணன் அன்றைக்கு எழுந்து வரும்போது நீ அவருக்காக நிற்க வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். அழுதுகொண்டே போட்டாள்.

மூன்று வருஷம் கழித்து சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், மில் வேலை, நல்ல மனிதர். அவளுக்கும் சம்மதம். அப்போதுதான் கொழுந்தன் அந்தக் காகிதத்தை வெளியில் எடுத்தார்.

என் அலுவலகத்துக்கு அவள் வந்தபோது நிலத்தைப் பற்றி முதலில் பேசவில்லை.

"நெலம் போனாப் போட்டும் சார். கொழுந்தனாரு சொன்னது நெசமான்னு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு அவுக எந்திரிச்சு வரையில நான் இன்னொருத்தரு பொண்டாட்டியா நின்னா, அவுக மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

சட்டப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. பாகப் பிரிவினைக்குப் பதில் இருந்தது. அதை முதலில் சொன்னேன்.

உயில் எழுதாமல் இறக்கும் கிறிஸ்தவரின் சொத்து 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இறங்கும். 33ஆம் பிரிவு: பிள்ளைகள் இருந்தால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் இல்லாமல் மற்ற உறவினர் மட்டும் இருந்தால் பாதி. ஆக, தகப்பனாரின் பன்னிரண்டு ஏக்கரில் தாயாருக்கு நான்கு, மகன்களுக்கு நான்கு நான்கு. மூத்தவரின் நான்கில் அவர் மனைவிக்கு இரண்டு. மிச்ச இரண்டில் தாய்க்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. கடைசிக் கணக்கு: மாமியாருக்கு ஐந்து, கொழுந்தனுக்கு ஐந்து, இவளுக்கு இரண்டு. கணவன் கண்ணை மூடிய அந்த நிமிஷமே அந்த இரண்டு ஏக்கர் அவளுடையதாகிவிட்டது. மறுமணம் செய்தால் பங்கு போகும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

பின்னே கொழுந்தனுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? மாமனார் வீட்டுப் பேச்சு என்று பிறகு தெரிந்தது. நாகர்கோவில் பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். அங்கே 1916ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் இருந்தது. அதன்படி விதவைக்குக் கிடைத்தது ஆயுள்கால அனுபவம் மட்டும். அதுவும் மறுமணம் செய்தால் நின்றுபோகும். மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், 1951 முதலே அந்தச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. கோவில்பட்டியோ எந்தக் காலத்திலும் திருவிதாங்கூரில் இருந்ததில்லை. ஆனாலும் சட்டம் ரத்தானால் வழக்கமும் சேர்ந்து சாவதில்லை. பெண் கொடுத்து எடுக்கும்போது கூடவே எல்லை தாண்டி வந்துவிடுகிறது.

அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் சேகரத்தில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருந்தார். அவர் வீட்டுத் திண்ணைக்கு அவளைக் கூட்டிப் போனேன். அவர் மத்தேயு 22ஆம் அதிகாரத்தை எடுத்தார். மாற்கு 12, லூக்கா 20 இரண்டிலும் அதே சம்பவம்தான்.

சதுசேயர் இயேசுவிடம் வருகிறார்கள். எருசலேம் தேவாலயத்தைச் சூழ்ந்த மேல்தட்டுக் கூட்டம் அது. உயிர்த்தெழுதல் கிடையாது என்பது அவர்கள் கட்சி. ஒரு கற்பனை வழக்கைக் கொண்டுவருகிறார்கள். ஏழு சகோதரர். மூத்தவன் பிள்ளையில்லாமல் சாகிறான், மோசேயின் சட்டப்படி அடுத்தவன் அவளை மணக்கிறான், அவனும் சாகிறான், இப்படியே ஏழு பேரும். கடைசியில் அவளும் சாகிறாள். உயிர்த்தெழுதலில் அவள் ஏழு பேரில் யாருக்கு மனைவி?

வக்கீலாக இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் கண் ஓர் இடத்தில்தான் நிற்கும். அந்தக் கேள்வி முழுக்க ஆண்களின் பாத்தியதையைப் பற்றியது. ஏழு பேருக்கு மாறி மாறி வாக்கப்பட்டு, ஏழு பேரையும் அடக்கம் செய்த ஒருத்தி அதில் இருக்கிறாள். அவள் என்ன நினைத்தாள் என்று கேட்க ஆள் இல்லை. கோர்ட்டில் எழுவினா, அதாவது வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்வி, தப்பாக வனைந்திருந்தால் அதற்குப் பதில் சொல்லக் கூடாது, எழுவினாவையே நீக்கச் சொல்ல வேண்டும். இயேசு அதைத்தான் செய்தார். அங்கே பெண் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. அவர்கள் தேவதூதரைப் போல இருப்பார்கள் என்றார். லூக்கா காரணத்தையும் தருகிறார்: அங்கே அவர்கள் இனிச் சாகமாட்டார்கள். அண்ணன் மனைவியைத் தம்பி மணக்கும் ஏற்பாடே சாவினால் வந்தது. செத்தவன் பெயர் அற்றுப்போகக் கூடாது என்பதற்காக வந்தது. சாவு இல்லாத இடத்தில் பெயரைக் காப்பாற்ற ஒருத்தியைக் கைமாற்ற வேண்டியதில்லை.

இயேசு அதோடு விடவில்லை. சதுசேயர் மோசேயின் ஐந்து நூல்களுக்குத்தான் முதலிடம் கொடுப்பவர்கள். அதனால் சான்றையும் அங்கிருந்தே எடுத்தார்: எரிகிற முட்செடியில் பேசிய தேவன் தம்மை ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் தேவன் என்று சொன்னார், அவர் உயிருள்ளோரின் தேவன். எதிராளி மறுக்க முடியாத ஆவணத்தை வைத்தே எதிராளியை மடக்குவது. கோர்ட்டில் நிற்கிறவனுக்கு அந்தப் பதிலின் அருமை தெரியும்.

உபதேசியார் பவுலையும் காட்டினார். ரோமர் 7, முதல் கொரிந்தியர் 7: புருஷன் உயிரோடு இருக்கும்வரை மனைவி கட்டுப்பட்டவள்; அவன் இறந்தால் விடுபட்டவள்; விசுவாசத்துக்கு உட்பட்ட ஒருவரை அவள் இஷ்டப்படி மணக்கலாம். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் இளம் விதவைகள் மணம் செய்துகொள்ளட்டும் என்றே இருக்கிறது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "அப்ப அன்னைக்கு அவுகளுக்கு என்னை அடையாளமே தெரியாதா ஐயா?" என்றாள்.

இதுதான் அவள் மூன்று வருஷமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி என்று நினைக்கிறேன். உபதேசியார் வேதப் புத்தகத்தை மூடினார். "பொரட்டாசில புழுதியில வெதைக்கிறோம். போட்ட வெதை அப்படியே மேல வருதா? வேற உருவத்துல வருது. ஆனா உளுந்து போட்ட எடத்துல உளுந்துதான மொளைக்கி? பவுல் சொல்றது அதுதாம்மா. கல்லறைத் தோட்டத்துல மகதலேனா மரியாளை ஆண்டவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு, அவ ஒடனே தெரிஞ்சுகிட்டா. உன் புருசனுக்கும் உன்னைத் தெரியும். ஆனா இவ எனக்குள்ளவ, ஒனக்குள்ளவன்னு அங்க யாரும் கையைப் பிடிச்சு இழுக்கமாட்டாக."

மறுநாள் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கொழுந்தன் சொன்ன வாதம் அவர் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1800 வருஷங்களுக்கு முன் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற பெரிய எழுத்தாளர், ஒருமுறை மட்டுமே மணம் செய்வதைப் பற்றி எழுதிய நூலில் ஏறக்குறைய இதையே வாதிட்டார்: இறந்த கணவனோடு மனைவியின் கட்டு நீடிக்கிறது, உயிர்த்தெழுதலில் அவனைச் சந்திக்கப் போகிறவள் வேறொருவனை மணக்கலாகாது என்று. மற்ற விஷயங்களில் அவரை மதித்த திருச்சபை இதில் அவர் பக்கம் போகவில்லை. பவுல் பக்கம் நின்றது. வாழ்ந்து முதிர்ந்த ஒருவர் தன் துணையின் நினைவோடு தனியே இருப்பது ஒன்று. அதைச் சட்டமாக்கி இருபத்தைந்து வயதுப் பெண்ணின் தலையில் கட்டுவது வேறு. முதலாவதை நான் வணங்குகிறேன். இரண்டாவதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனேன்.

பாகப் பிரிவினைக்குப் பிராது போட்டோம். கொழுந்தன் முதல் பிரதிவாதி, மாமியார் இரண்டாம் பிரதிவாதி. கொழுந்தனின் எதிருரையில் இரண்டு வாதம். ஒன்று, இது பிதிரார்ஜிதச் சொத்து, நாங்கள் ஊர் வழக்கப்படி கூட்டுக் குடும்பமாக வாழ்கிறோம், ஆகவே அண்ணன் பங்கு தம்பிக்கே சேரும் என்பது. இது சென்னை மாகாணத்தின் மிகப் பழைய வழக்குகளில் ஒன்றை ஞாபகப்படுத்தியது. பெல்லாரியில் மாத்தியூ ஆபிரகாம் என்ற கிறிஸ்தவ வியாபாரி 1842இல் இறந்தார். அவர் தம்பி பிரான்சிஸ், நாங்கள் இந்துக் கூட்டுக் குடும்பம் போலத்தான் இருந்தோம், எனக்குப் பங்கு உண்டு என்றார். விதவை சார்லட் எதிர்த்து நின்றார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மதம் மாறியவர் பழைய சட்டத்தை வைத்துக்கொள்ளவும் செய்யலாம், விட்டுவிடவும் செய்யலாம், அதை அவர்கள் வாழ்ந்த முறையே காட்டும் என்று 1863இல் சொன்ன பிரிவி கவுன்சில், தம்பியின் கூட்டுக் குடும்பப் பாத்தியதையை ஏற்கவில்லை. இரண்டே வருஷத்தில், 1865இல், வாரிசுரிமைச் சட்டம் வந்து அந்தக் குழப்பத்துக்கும் இடமில்லாமல் செய்தது. எங்கள் நீதிபதிக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை.

இரண்டாவது வாதம் அந்தக் காகிதம். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர்; என் சீனியர் காலத்தவர். திருமணத்தைத் தடை செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டம் 26ஆம் பிரிவை நான் எடுப்பேன் என்று தெரிந்து, 1942ஆம் வருஷத்து அலகாபாத் தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தார். ராவ் ராணி – குலாப் ராணி வழக்கு. ஒருவருக்கு வாக்கப்பட்ட இரண்டு விதவைகள், யார் மறுமணம் செய்தாலும் அவர் பங்கு போகும் என்று ராஜியாகிறார்கள். அது திருமணத்துக்குத் தடையாகாது என்றது ஹைகோர்ட். லேசான தீர்ப்பு இல்லை. அவர்கள் இந்து விதவைகள், 1856ஆம் வருஷத்துச் சட்டப்படி மறுமணம் செய்த இந்து விதவைக்கு முதல் கணவன் சொத்தில் உரிமை பொதுவாகவே நின்றுபோன காலம் அது, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் கிறிஸ்தவ விதவைக்கு அப்படியொரு இழப்பு கிடையாது என்று வாதித்தேன். அதைவிடப் பலமான ஆயுதம் பதிவுச் சட்டத்தில் இருந்தது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம் பதிவு செய்யப்பட்டாக வேண்டும்; இல்லையேல் அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தக் காகிதம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலையே மிதித்ததில்லை.

அதை வைத்தே ஜெயித்திருக்கலாம். ஆனால் கொழுந்தன் முதல் விசாரணையில், "எங்க வேதப்படி மதினி அண்ணனுக்குத்தான் மனைவி; உயிர்த்தெழுதல்லயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். என் கட்சிக்காரி பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. குறுக்கு விசாரணையில் வேதத்தைத் தொட்டேன். நீதிபதி எங்கே போகிறீர்கள் என்றார். பத்திரத்துக்கு ஆதாரமாகச் சாட்சி காட்டியது வேதத்தை, அதைச் சோதிக்க அனுமதிக்க வேண்டும் என்றேன். சரி என்றார்.

"உபாகமம் 25 வாசிச்சிருக்கீங்களா?"

"வாசிச்சிருக்கேன்."

"பிள்ளையில்லாம செத்த அண்ணன் மனைவிக்குத் தம்பி என்ன செய்யணும்?"

"அது யூதருக்குள்ள சட்டம் சார்."

"உங்க அம்மா உங்ககிட்ட அதைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. முடியாதுன்னேன்."

முடியாது என்கிறவனின் செருப்பை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அந்தப் பெண் கழற்றி, முகத்தில் துப்பலாம் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. அவருக்கும் அது தெரியும். தலை தானாகவே குனிந்தது. நான் அதற்குள் போகவில்லை. லேவியராகமம் இதே மணத்தை விலக்குகிறது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில்தான் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் சிக்கினார்: போப்பிடம் விலக்கு வாங்கி 1509இல் அண்ணன் விதவை கேத்தரினை மணந்தவர், பிறகு லேவியராகமத்தைக் காட்டியே அந்த மணத்தை 1533இல் ரத்து செய்ய வைத்தார். கோவில்பட்டிக் கோர்ட்டுக்கு அது தேவையில்லை. நேரே கேட்டேன்.

"சதுசேயர் இதே கேள்வியைக் கேட்டப்போ இயேசு என்ன பதில் சொன்னாரு?"

அவர் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார், ஒரு வார்த்தை குறைக்காமல், கூட்டாமல், முறையாகச் சொன்னார்.

"அப்படின்னா அன்னைக்கு உங்க மதினி யாருக்கு மனைவி?"

"யாருக்கும் இல்ல."

அது வாக்குமூலத்தில் ஏறியது. கூண்டில் நின்று, தன் வழக்கே போகும் என்று தெரிந்தும், வசனத்தைப் புரட்டிச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

மாமியார் எங்கள் தரப்புச் சாட்சியாக வந்தார். மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்வது ஒரு தாய்க்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குப் பார்த்தேன். கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "என் மூத்தவன் கர்த்தர்ட்ட போயிட்டான். அவனை அவரு பாத்துக்கிடுவாரு. இவ எங்கூட இருக்கா. இவளுக்கு வயிறு இருக்கு" என்றார். குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்பு எழுந்திருக்கவில்லை.

ஆறில் ஒரு பங்குக்கு முதல்நிலைத் தீர்ப்பாணை கிடைத்தது. தீர்ப்பில் உயிர்த்தெழுதலைப் பற்றி ஒரு வரி கிடையாது. இருக்க வேண்டியதும் இல்லை. வாரிசுரிமைச் சட்டம், பதிவுச் சட்டம், அவ்வளவே. அட்வகேட் கமிஷனரும் சர்வேயரும் போய் அளந்தது சித்திரையில். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முளைக்குச்சி அடித்தால் வெடிப்புக்குள் போய்விடும், மறுபடி தள்ளி அடிக்க வேண்டும். வண்டிப்பாதையை ஒட்டிய இரண்டு ஏக்கர் அவளுக்கு ஒதுங்கியது.

அதற்குள் சாத்தூரில் கல்யாணம் நடந்துவிட்டது. மறுமணத்தைப் பொறுத்தவரை 1872ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இரு தரப்பிலும் உயிரோடிருக்கும் துணை இருக்கக் கூடாது என்று மட்டுமே கேட்கிறது. கோயிலில் கல்யாண ஓலை கூறியபோது ஆட்சேபம் எழுப்ப யாரும் வரவில்லை. பதிவேட்டில் மணமகளின் நிலை என்ற கலத்தில் சபைப் போதகர் விதவை என்று எழுதினார். அவள் அதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை யாரும் அவசரப்படுத்தவில்லை.

கொழுந்தன் மேல்முறையீடு செய்தார். மாமனார் வீட்டுத் தூண்டுதல் என்று ஊரில் பேச்சு. ஒரு நாள் மாமியார் தனியாக பஸ் ஏறி என் அலுவலகத்துக்கு வந்தார்.

"எனக்கு அஞ்சு ஏக்கர்னு தீர்ப்புல இருக்குன்னு சொன்னீகளே வக்கீலய்யா, அதை நான் யாருக்கு வேணும்னாலும் எழுதி வைக்கலாமா?"

"தாராளமா எழுதலாம்மா. உங்க பங்கு உங்க இஷ்டம்."

"அப்ப அதை அவன் வக்கீல்ட்ட சொல்லிருங்க."

சொன்னேன். அடுத்த வாய்தாவில் மேல்முறையீடு வாபஸ் ஆயிற்று.